வளைவை நிமிர்த்த விமானம் ஏற வேண்டுமா?

வெளியே சொல்லக் கூச்சப்படும் வியாதிகளில் பெய்ரோனி நோய்க்கு முதல் வரிசையில் இடம் உண்டு. 1743-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் லா பெய்ரோனியின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஆணுறுப்பின் உள்ளுறையில் தழும்பு போலக் கெட்டியாகி, விறைக்கும்போது உறுப்பு வளைகிறது, சிலருக்கு வலிக்கிறது. இது புற்றுநோய் அல்ல, தொற்றுவதும் இல்லை.

வெள்ளிமலையில் இருப்பவரோ கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்காரரோ இதை யாரிடம் சொல்வார்? ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்த முகம் ஒன்று நிற்குமே! வெளிநாட்டில் செய்துகொண்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், அவசரம் கூடாது. வலி நின்று, வளைவு மாறாமல் சில மாதங்களாவது நிலைத்த பிறகே கத்தி வைப்பார்கள். முன்பே செய்தால் மறுபடி வளையலாம். லேசான வளைவுக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்து, எந்த முறையிலும் இழப்பு உண்டு. எதிர்ப்பக்கம் மடித்துத் தைத்தால் நீளம் குறையும். தழும்பை வெட்டி ஒட்டுப் போட்டால் விறைப்பு குறையும் ஆபத்து கூடுதல். உள்ளே கருவி பொருத்தினால் கிருமித்தொற்று பயம். இவை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

வெளிநாட்டில் கூடுதலாக வருவது தூரம். ஊர் திரும்பிய பத்தாம் நாள் சீழ் வைத்தால், தைத்த டாக்டர் கடல் தாண்டி இருப்பார். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பொதுவாகப் பணம் தராது.

சட்டத்தையும் பாருங்கள். கட்டணம் வாங்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி மேல் தீர்ப்பு வாங்கினாலும் பணத்தை வசூலிப்பது குதிரைக்கொம்பு.

வெளிநாட்டுக்காரர்களே வைத்தியத்துக்குச் சென்னை வருகிறார்கள். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரில் யூராலஜி பிரிவு இருக்கிறது. ஊரில் முகம் தெரியும் என்றால் புதுச்சேரி வரை போகலாமே, பாஸ்போர்ட் வேண்டாம்.

அப்படியும் வெளிநாடுதான் என்பவர்கள், முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வியாவது கேட்கட்டும்: திரும்பி வந்தபின் சிக்கல் என்றால் இங்கே எந்த டாக்டர் பார்ப்பார்? பதில் வராவிட்டால் போகாமல் இருப்பதே நல்லது.