ஊற்றுக்கண்ணும் ஊரெல்லையும்

உத்தராகண்ட மாநிலக் குடிநீர்த் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



குமாவோன் மலைக்கிராமம் ஒன்றில், மழைநீர் ஓடிவிடாமல் மண்ணிற்குள் இறங்கும்பொருட்டுச் சரிவுகளில் குழி வெட்டிய தொண்டர்களுள் ஒருவன் என்பதன்றி, தங்களுக்கு மடல் எழுத எனக்கு வேறு யோக்கியதை கிடையாது.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் சங்கல்பம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் வீடுதோறும் குழாய்நீர் அளிப்பது. குடஞ்சுமந்து செங்குத்துப் பாதையில் ஏறும் பெண்களைக் கண்டவர் எவரும் அதனைக் குறைகூறத் துணியார். எனினும் மலைநாட்டில் குழாயின் மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் ஓர் ஊற்றே. இமயமலைப் பிரதேசத்து ஊற்றுகளில் ஏறக்குறையப் பாதி வற்றி வருகின்றன என 2018-இல் நிதி ஆயோக் அறிக்கை எச்சரித்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

ஊற்றுக்கு நேர்மேலே உள்ள சரிவில் குழி வெட்டினால் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாறைப்படலங்கள் சாய்ந்திருக்கும் திசையை ஒட்டியே நிலத்தடி நீர் பெரிதும் வழிந்து செல்லுமாதலால், புதுமணப்பெண் வந்து பூஜை செய்யும் நௌலா என்ற கல்லூற்றை நிரப்பும் மழை, முகட்டுக்கு அப்பால், வேறோர் ஊரார் தாமே நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துக் காட்டில் பெய்ததாகவும் இருக்கக்கூடும். நாங்கள் தொண்டு செய்த இடத்தில் நிலைமை அதுவே. தாம் புல்லறுக்கும் சரிவைப் பிறர் தாகத்துக்காக ஏன் அடைக்கவேண்டும் என்று அவ்வூர்ப் பெண்கள் கேட்டனர், நியாயமான கேள்விதான். குழிக்கரைகளில் தீவனப்புல் நடுவது, அதனை அவர்களே அறுத்துக்கொள்வது என்று இரண்டு ஊர்ப் பெரியோரும் கூடிப் பேசி முடிப்பதற்குப் பிடித்த காலம், குழி வெட்டப் பிடித்த காலத்தினும் அதிகம். குழாய்க்கும் சிமெண்டுக்கும் பத்தி வகுக்கும் மதிப்பீட்டுத் தாளில் இந்தப் பேச்சுக்கு ஒரு பத்தியும் இல்லை. (எங்களைப் போல் வந்துபோகும் தொண்டர்களுக்கும் இதில் ருசி குறைவு, மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளலாம், சமரசத்தைப் படமெடுக்க இயலாது.)

ஊற்றை மீட்பது கைகூடாத காரியமன்று. பௌரி மாவட்டத்து உப்ரைங்கால் பகுதியில், பள்ளி ஆசிரியர் சச்சிதானந்த பாரதி, 1980-களிலிருந்து ஊர்ப் பெண்களைத் திரட்டி ஆயிரக்கணக்கான சிறு நீர்க்குழிகளை வெட்டுவித்தார். வறண்டு கிடந்த ஓடை ஒன்று மீண்டும் ஓடிற்று. சிக்கிம் அரசோ, 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில், நிலவியல் அறிவைத் துணைக்கொண்டே ஊற்றுகளின் நீர்ப்பிடிப்பு நிலத்தைத் தேடிற்று.

ஆகவே என் விண்ணப்பம் இது: குழாய்த் திட்டம் எதற்கும் அனுமதி அளிக்குமுன், மே, ஜூன் மாதங்களில் ஊற்றில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் சுரக்கிறதென்று வாளியும் கடிகாரமும் கொண்டு அளக்கச் செய்யுங்கள், அந்நீர் எந்நிலத்திலிருந்து வருகிறதென்று நிலவியலாரைக் கொண்டு குறிக்கச் செய்யுங்கள், அந்நிலம் அயலூருடையதாயின், காவல் செய்வதற்கான தொகையில் அவ்வூருக்கும் பங்கு கொடுங்கள். நான் கண்ட உடன்படிக்கை வாய்மொழியாகவே நிற்கிறது. தலைவர்கள் மாறினால் அதற்குச் சாட்சி இராது. அதனை எழுத்தில் பதிந்து, இரு ஊர்த் தலைவர்களின் கையெழுத்துக்குக் கீழே தங்கள் துறையின் முத்திரையும் விழுமாறு ஆணையிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தொண்டர்களுள் ஒருவன்