வாதமா? வலிப்பா? டாக்டர் தயங்குவது ஏன்?

இரவு மணி 2. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது.

உள்ளே 58 வயதுப் பெரியவர். வாய் ஒரு பக்கம் கோணி இருக்கிறது. வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது.

"டாக்டர், பிழைப்பாரா?" என்று மனைவி அழுகிறார்.

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் பதில் சொல்லவில்லை. பெரியவரின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று கேட்கிறார்.

மகனுக்குக் கோபம் வருகிறது. "ஊசி போடாமல் கதை கேட்கிறாரே!" என்று சத்தம் போடுகிறார்.

பெற்ற தகப்பன் கிடக்கும்போது கோபம் வருவது இயற்கை. ஆனால், டாக்டரின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வகை

கால் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். மாரடைப்பை பெரும்பாலும் இ.சி.ஜி. காட்டிக் கொடுத்துவிடும். மூளை அப்படி அல்ல. மண்டை ஓட்டுக்குள் ஒளிந்து இருக்கிறது.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால், அந்த மருந்தே எமன் ஆகிவிடும்!

இதைப் பிரித்துக் காட்டுவது சி.டி. ஸ்கேன். 1971-ம் ஆண்டு லண்டனில் ஒரு பெண்ணின் மூளையைத்தான் அது முதன்முதலில் படம் பிடித்தது. கண்டுபிடித்தவர் ஹவுன்ஸ்பீல்டு. அவர் டாக்டர் அல்ல, என்ஜினீயர். அவர் வேலை பார்த்தது, பாட்டு இசைத்தட்டு வெளியிட்ட கம்பெனியில்! 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தப் படமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கசிவு இருந்தால் உடனே தெரியும். அடைப்பு என்றால், முதல் சில மணி நேரம் படம் சுத்தமாக இருப்பதும் உண்டு.

வேஷம் போடும் நோய்கள்

வேறு நோய்களும் வாதம் போல வேஷம் போடும். நீரிழிவுக்காரர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுவது உண்டு. குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் விரலில் குத்தியது அதைப் பார்க்கத்தான்.

வலிப்பு வந்து நின்றபிறகும் ஒரு கை சில மணி நேரம் செயல் இழந்து கிடக்கலாம்.

தலைச்சுற்றல் இன்னும் பெரிய சோதனை. தலைச்சுற்றல் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காதுக் கோளாறாகவோ வேறு சிறு கோளாறாகவோ இருக்கும். யாரோ ஒருவருக்குச் சிறுமூளையில் அடைப்பு இருக்கும். அந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? அனுபவம் மிகுந்த டாக்டர்களையே தூங்கவிடாத கேள்வி இது.

கொடுத்தாலும் பயம்

அடைப்பைக் கரைக்கும் மருந்து பலன் தரும் என்று 1995-ல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாலரை மணி நேரம் வரை கொடுக்கலாம் என்பது 2008-ல் தெரிந்தது. பெரிய குழாய் அடைத்திருந்தால், கம்பி போன்ற கருவியை உள்ளே விட்டு அடைப்பை எடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது.

ஆனால், அந்த 1995 ஆராய்ச்சியில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. கொடுத்தால் இந்தப் பயம். கொடுக்காமல் தாமதித்தால், நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு அணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு வெளிவந்தது.

இந்த முடிவை நடுராத்திரியில் ஒரு இளம் டாக்டர் தனியாக எடுக்க வேண்டி இருக்கிறது. அவர் நரம்பியல் நிபுணர் அல்ல. மாரடைப்பு, விபத்து, பாம்புக்கடி எல்லாம் பார்ப்பவர். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எந்த நேரமும் டெலிபோனில் கிடைக்கிற ஒரு நரம்பியல் டாக்டரை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் படத்தை நொடியில் வெளியூருக்கு அனுப்ப முடிகிற காலத்தில், இது ஆகாத காரியம் அல்ல. ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இதைச் செய்தே தீரவேண்டும்.

வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் காபி, தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் ஆபத்து. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை, அட்டையோடு எடுத்துப் போங்கள். முக்கியமாக, கடிகாரத்தைப் பாருங்கள். தூக்கத்தில் வாதம் வந்தவருக்கு, எழுந்த நேரம் கணக்கு அல்ல. கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு.

அந்தப் பெரியவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். யோசிக்கிறார்.

"ஒரு மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டார், டாக்டர். நன்றாகத்தான் பேசினார்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி 2.10. மகனும் ஒரு கை பிடிக்க, ஸ்டிரெச்சர் ஸ்கேன் அறையை நோக்கி ஓடுகிறது.