தானே முளைத்த பூஞ்செடிகள்

ஐப்பசி மழை இரண்டு பெய்து ஓய்ந்தபின் வீட்டுத் தோட்டத்திற் சென்று காண்போர்க்கு ஒன்று புலனாகும். சென்ற ஆண்டிற் பூத்துதிர்ந்த காசித்தும்பை, கோழிக்கொண்டை, செண்டுமல்லி, அந்திமந்தாரை முதலியவற்றின் விதைகள் விதைப்பாரின்றியே முளைத்துப் பாத்தியிலும் நடைபாதையிலும் கிணற்றடியிலும் பசுமை பரப்பி நிற்கும். இவற்றை என்செய்வது என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்தது. இஃதொரு பொருளோவென்று நண்பர்கள் நகைப்பாராயின் நகைக்க.

தாம் நடாதது யாதாயினும் களையே எனக் கொண்டு செதுக்கி எறிவார் ஒரு சாரார். முளைத்த உயிரை அழித்தலாகாதென்று ஒன்றனையும் தொடாதார் மற்றொரு சாரார். முன்னவர் செயலை யானும் ஒருமுறை செய்தேன். என் அன்னையார் தம் கையால் விதைத்த காசித்தும்பை, அவர் காலஞ்சென்ற பின்னரும் ஆண்டுதோறும் தானே முளைத்து வந்தது. வீட்டில் நிகழவிருந்த ஒரு திருமணத்தின் பொருட்டு முற்றத்தைத் தூய்மை செய்ய வந்த ஆளிடம், "எல்லாவற்றையும் செதுக்கிவிடு" என்று சொல்லிவிட்டு வெளியே சென்றேன். மாலையில் முற்றம் மிகத் தூய்மையாக இருந்தது. மறு ஆண்டில் ஒரு நாற்றும் தோன்றவில்லை. கடைவிதைகள் பல வாங்கி விதைத்தும் அந்நிறம் கிடைத்திலது.

ஆயினும் பின்னவர் பக்கமும் யான் சேரேன். காசித்தும்பையின் முற்றிய காய், விரல்பட்ட அளவிலே வெடித்துச் சுருண்டு விதைகளைச் சில அடி தூரம் வீசியெறியும். தாவர நூலார் அவ்வினத்திற்கு இட்ட 'இம்பேஷன்ஸ்' என்னும் பெயர்க்குப் பொறுமையற்றது என்பதே பொருள். இங்ஙனம் விழுந்த விதைகள் ஒரு சாண் நிலத்தில் இருபது முளைக்கும். இருபதையும் விட்டுவைப்பின் அனைத்தும் ஒளிதேடி நூல்போல் நீண்டு, காற்றிற் சாய்ந்து, ஓரிரு பூவோடு மாயும். ஒரு சாணுக்கு ஒன்றே நிற்றல் வேண்டும். இரக்கமுடையார்க்கு இஃது அரிதே, எனினும் செய்யத்தக்கது.

எதனைப் பறிப்பது என்று அறிதற்குச் சில நாள் பொறுத்தல் வேண்டும். முதலில் தோன்றும் விதையிலைகளைக் கொண்டு செடியை இனங்காண்டல் புதியவர்க்கு எளிதன்று. அவற்றின் பின் வரும் இலையே செடியின் முகம். விளிம்பில் வாட்பற்கள் காணின் காசித்தும்பை. பலவாகப் பிளவுபட்டுக் கசக்கின் மணம் வீசுவது செண்டுமல்லி. வேறிடத்து நடவேண்டியவற்றை மாலையில் நீரூற்றி வேர்மண்ணோடு பெயர்க்க. அந்திமந்தாரையைக் கிழங்கு திரளுமுன் பெயர்த்தல் நன்று.

அந்திமந்தாரையில் வேறொரு வியப்பும் உண்டு. மெண்டலின் விதிகளை 1900-இல் மீண்டும் கண்டறிந்தோருள் ஒருவராகிய கார்ல் காரென்ஸ் ஆராய்ந்த செடி இது. செம்மலர்ச் செடியும் வெண்மலர்ச் செடியும் கலந்தால் இளஞ்சிவப்புப் பிறக்கும்; அவ்விளஞ்சிவப்புச் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்று ஈன்ற விதைகளிலோ, ஏறத்தாழ நான்கில் ஒன்று செம்மை, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெண்மை. ஆகவே தானே முளைத்த நாற்று தாயை ஒக்கும் என்று துணிதற்கில்லை. பூக்குமுன் பறித்தெறிவோர் எதனை எறிகின்றோம் என்பதை அறியார்.

உண்ணிச்செடிக்கு மட்டும் இச்சலுகை கூடாது. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளினின்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகின்பொருட்டு இந்தியாவிற்குக் கொணரப்பட்ட அச்செடியின் கனியைப் பறவைகள் உண்டு விதையை எங்கும் பரப்பின. முதுமலைக் காட்டில் இன்று அது புதர்புதராக அடர்ந்து, விலங்குகள் மேயும் புல்லை நெருக்குகின்றது. வேலி கடந்து செல்லவல்ல பூஞ்செடியை முளையிலே பறிப்பதே முறை.

ஏனையவற்றுள் மிகுந்த நாற்றுகளை எறிதல் வேண்டா. ஈரமண்ணோடு வாழையிலையிற் சுற்றி அண்டை வீட்டார்க்கு அளிக்கலாம். என் அன்னையார் அக்காசித்தும்பை நாற்றை எவர்க்கேனும் அளித்திருந்தாரோவென்று இரண்டு தெருக்களிலே வினவிப் பார்த்தேன். இதுகாறும் அகப்படவில்லை.