பணம் கருகினால் கொப்புளம் வருமா?

முதல் போடுகிறவன்தான் தினமும் நெருப்பில் நிற்கிறான், தொழிலாளிக்கு என்ன, சனிக்கிழமையானால் சம்பளம் என்று கட்டுரை எழுதியிருக்கிறார் ஒரு தொழிலதிபர். லாபத்தில் தொழிலாளி பங்கு கேட்கக் கூடாது என்பதற்கு அவர் காட்டும் நியாயம் இது. அதற்கு உதாரணமாகப் பட்டாசுத் தொழிலையே எடுத்துக்கொண்ட துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, சிவகாசிக்கே போவோம். மருந்து அறையில் ஓர் உராய்வு போதும். முதலாளிக்கு அறை போகும், சரக்கு போகும். அதற்கு இன்சூரன்ஸ் உண்டு. லிமிடெட் கம்பெனி என்றால் போட்ட பணத்துக்கு மேல் பங்குதாரர் தர வேண்டியதில்லை; இந்தியாவில் இந்தப் பாதுகாப்பு 1857இலேயே சட்டமாகிவிட்டது. நொடித்துப்போனவருக்கு 2016ஆம் ஆண்டின் திவால் சட்டமும் இருக்கிறது. தொழிலாளியின் நஷ்டத்துக்கும் சட்டம் கணக்குப் போட்டது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் பட்டியலே இருந்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. இதில் எந்த விரலை மறுபடி முதலாகப் போட்டுத் தொழில் தொடங்குவது?

கடன் ஆளைக் கொல்லாதா என்கிறார். கொல்லும். வீட்டை அடகு வைத்துச் சொந்த ஜாமீனும் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்ட சிறு முதலாளிகள் நிறையப் பேர். அவர்களை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். ஆனால் பேங்க்காரனிடம் தவணை கேட்கலாம். அலுமினியப் பவுடரிடம் கேட்க முடியாது.

அவர் வசதியாக விட்டுவிட்ட விஷயம் வேறு. இந்த இரண்டு ஆபத்தும் தனித்தனியானவை அல்ல. பண நஷ்டத்துக்குப் பயந்து செய்கிற காரியங்கள்தான் அறைக்குள் உயிராபத்தாக மாறுகின்றன. தீபாவளி ஆர்டர் தவறிவிடுமே என்று, உரிமம் வாங்கியவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் போட்ட காசை எடுக்க, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆளை உட்கார வைக்கிறார். இடம் போதாவிட்டால் மரத்தடி. கூலி பீஸ் ரேட், அதனால் கையும் நிதானமாக ஓடாது. முந்தின நாள் மிஞ்சிய மணிமருந்து என்ற வெடிக்கலவையைக் கொட்டி அழிக்க மனம் வராமல் மறுநாளைக்கு வைக்கிறார்கள். இப்படி மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் தோலின் மேல் கட்டிய பந்தயம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளமும் கிடையாது. அவர்கள் எடுத்த ரிஸ்க்குக்கு என்ன லாபம் என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வெடிவிபத்துச் செய்திகளின் கடைசி வரியையும் அவர் படிப்பது நல்லது. உரிமையாளரைப் போலீஸ் தேடி வருகிறது, போர்மேன் கைது என்றுதான் அது பெரும்பாலும் முடியும். ஜெயிலுக்குப் போகிற ரிஸ்க்கையும் சம்பளக்காரன் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.