சுண்டெலியும் புறம்பாக்கப்பட்ட குட்டியும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் தாய் ஒருவர் தம் மகனின் தலையணைக்கு அடியில் கண்டெடுத்த ஆங்கில நாவலை என்னிடம் நீட்டினார். "ஐயா, வேதம் வாசிக்கச் சொன்னால் தூங்கிவிடுகிறான், இந்த எலிக்கதைக்கு மட்டும் நடுஇரவு வரை விழித்திருக்கிறான். இது அவனுக்கு ஆகுமா?" என்றார்.

பிரையன் ஜேக்ஸ் எழுதி 1986இல் வெளிவந்த 'ரெட்வால்' அது. நானும் வாசித்திருக்கிறேன், போதகருக்கு எலிக்கதையா என்று நீங்கள் நகைத்தாலும் சரி. லிவர்பூலில் பால் விநியோகிக்கும் வேலையில் இருந்தபோது, பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு அவர் பழகினார். அவர்களுக்காகவே இக்கதையை எழுதினார். ஆகவேதான் விருந்துகளின் மணமும் சுவையும் பக்கம் பக்கமாக விரிகின்றன. காணாத கண்களுக்கு அவர் படைத்த விருந்து அது.

கதாநாயகன் மத்தையஸ், மடாலயத்தில் பயிற்சி பெறும் சுண்டெலி. காலுக்குப் பொருந்தாத பெரிய மிதியடி தடுக்கி விழுகிறவன். ஒற்றைக்கண் எலித்தலைவன் பெரும்படையோடு மடத்தை முற்றுகையிடும்போது எதிர்த்து நிற்பவன் அவனே. பெரியோர் உலகில் எதையும் தீர்மானிக்க முடியாத பிள்ளை தன்னை எங்கே காண்பான்? "தைரியமாயிரு" என்று நாம் சொன்னால் அது அறிவுரை. சுண்டெலி நிமிர்ந்து நின்றால் அது அவன் சொந்தக் கதை. நாத்தான் தீர்க்கதரிசியும் ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கொண்டல்லவா தாவீதின் நெஞ்சத்தைத் திறந்தார்!

அம்மடத்தில் துறவிகள் உண்டு, மணியோசை உண்டு, ஆராதனையைக் காண்பது மிக அரிது. அது என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. இவ்வரிசை நூல்களில் சுண்டெலியும் நீர்நாயும் ஏறத்தாழ எப்போதும் நல்லவை. பெருச்சாளியும் நரியும் பிறப்பிலேயே தீயவை. 1995இல் வந்த 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' நூலில், கீரியை ஒத்த ஃபெரெட் குட்டி ஒன்றைப் பிரையனி என்னும் சுண்டெலிப்பெண் தாயாக நின்று வளர்க்கிறாள். அது பிழை செய்கிறது, மடத்தினின்று துரத்தப்படுகிறது. இறுதியில் பிரையனியை நோக்கி வந்த ஈட்டியைத் தன்மேல் ஏற்றுச் சாகிறது. ஆயினும் அது தீயதே என்ற முடிவுக்கு அவள் வருகிறாள்.

இங்கே ஆசிரியரோடு நான் உடன்பட மறுக்கிறேன். பிறப்பைச் சொல்லி மனிதரைத் தள்ளிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில், வெட்கத்தோடு சொல்கிறேன், நம் கல்லறைத் தோட்டங்களிலும் இருக்கிறது. இந்த முடிவைப் பிள்ளை தனியே விழுங்கக் கூடாது.

புத்தகத்தைப் பறிக்க வேண்டாம் என்று அத்தாயிடம் சொன்னேன். இந்த இரண்டாவது நூலையும் கொடுத்து, மகனோடு அமர்ந்து வாசிக்கச் சொன்னேன். அக்குட்டி ஏன் ஈட்டியின் முன்னே பாய்ந்தது என்று அவனிடம் கேட்கவும் சொன்னேன். நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். பாதி நூல் முடிந்ததாம். குட்டியைத் துரத்திவிட்டார்களே என்று மகன் கோபமாயிருக்கிறானாம்.