வராத காஸுக்கு வாங்கிய அடுப்பு

உடுப்பிட்டிச் சந்தித் தேநீர்க்கடையில் போன மாதம் நடந்த பேச்சு இது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர், ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்ற நல்ல மனதோடு, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நீளமான லொறியின் முதுகில் வெள்ளைத் தாங்கி ஒன்று படுத்திருந்தது.

"இனி இதுதான் அண்ணை. சின்ன அளவு எல்.என்.ஜி. பெரிய துறைமுகம் தேவையில்லை, பைப் இழுக்கத் தேவையில்லை. காங்கேசன்துறையில இறக்கி இஞ்ச கொண்டந்தால் வடமராட்சிக்கே காணும்."

பக்கத்து வாங்கில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் விடவில்லை. "அங்க இஞ்ச ஏன் தம்பி? மன்னார்க் கடலுக்கையே கிடக்குத்தானே. எடுக்க விட்டால் நாங்கள் ஏன் உப்பிடிக் கிடக்கிறம்?"

கடைக்காரர் கோப்பையைக் கழுவியபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப சிலிண்டர் விலை குறையுமோ?"

மூவருக்கும் உள்ளே இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். காஸ் வந்துவிட்டால் எல்லாம் மலியும். அதுவும் சின்னதாக வந்தால் நம் ஊர்வரைக்கும் வரும். இந்த நம்பிக்கையைக் கொழும்பிலும் கேட்கிறேன், ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசியிலும் கேட்கிறேன். உடுப்பிட்டியில் அப்படி ஒரு நிலையம் இல்லை, பேச்சுத்தான் இருக்கிறது. பேச்சாக இருக்கும்போதே மறுத்துவிடுவது நல்லது. காசு இறங்கிய பிறகு மறுப்பவனை யாரும் விரும்பமாட்டார்கள்.

கடைக்காரருக்கு முதலில் பதில். குறையாது. அவர் அடுப்புக்குக் கீழே நிற்கும் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், அதாவது எல்.பி.ஜி. கொஞ்சம் அழுத்தினால் நம் சித்திரை வெயிலிலேயே திரவமாகிவிடும் சாதுவான சரக்கு. எல்.என்.ஜி வேறு, அது மீதேன். அறை வெப்பத்தில் எவ்வளவுதான் அழுத்தினாலும் அது திரவமாகாது. பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ்வரை குளிரவைத்தால் ஆகும். ஆனதும் கொள்ளளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் உலகத்தின் எல்.என்.ஜி வியாபாரமே நடக்கிறது. அதை வீட்டுச் சிலிண்டரில் அடைத்துக் குசினியில் வைக்க முடியாது. 2021இல் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 யூலையில் 4,910 ரூபாவுக்குப் போனதை யாரும் மறக்கவில்லை. அந்தக் காயத்தோடு "காஸ்" என்று யார் சொன்னாலும் காது அந்தப் பக்கம் திரும்புகிறது. இரண்டு சரக்குக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதில் விற்பவருக்குத்தான் இலாபம்.

இனி "சின்ன அளவு" என்ற அந்த இனிப்பான சொல்லுக்கு வருவோம். வல்வெட்டித்துறையில் மீன் பெட்டிக்கு ஐஸ் போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பாளமாக வைத்த ஐஸ் மத்தியானம்வரை தாங்கும். உடைத்துப் போட்டது பருத்தித்துறை போகமுன் தண்ணீராகிவிடும். குளிரைக் கட்டிக் காப்பதில் அளவு சிறுக்கச் சிறுக்கச் செலவு கூடும். பெரிய எல்.என்.ஜி கப்பல் ஒன்று 170,000 கனமீற்றருக்கு மேல் ஏற்றி வருகிறது. 40 அடிக் கொள்கலன் ஒன்று 40 கனமீற்றரை ஒட்டி, 17 தொன் அளவில்தான் கொள்ளும். நல்ல கொள்கலன் வாரக்கணக்கில் குளிரைக் காக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரட்டைச் சுவர் உருக்குத் தாங்கியின் விலையை 17 தொன்மீதுதான் போடவேண்டும். அது வெறுமையாகத் திரும்பிப் போகும் பயணத்துக்கும் கூலி உண்டு. இறக்குகிற இடத்தில் சேமிப்புத் தாங்கி, திரும்ப வாயுவாக்கும் கருவி, சுற்றிவர விடவேண்டிய வெற்று நிலம், இரவு பகலாக நிற்கும் பயிற்சி பெற்ற ஆட்கள். நாளுக்கு ஐந்து லொறி வந்தாலும் ஐம்பது வந்தாலும் இரவுக் காவலாளி ஒருவர்தான். அவர் சம்பளத்தை ஐந்தால் வகுப்பதா, ஐம்பதால் வகுப்பதா என்பதுதான் சங்கதி.

ஒரு கணக்குப் போடுவோம். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் 350 மெகாவோட் சோபாதனவி மின்நிலையம் இருக்கிறது. அதற்குக் கொச்சி முனையத்திலிருந்து கொள்கலன்களில் எல்.என்.ஜி அனுப்ப இந்தியாவின் பெற்றோநெற் நிறுவனம் 2024இல் இலங்கையின் எல்.ரி.எல் ஹோல்டிங்ஸுடன் உடன்பாட்டுக்கு வந்தது. சின்ன அளவு எல்.என்.ஜிக்கு இந்த நாட்டில் கைக்கெட்டிய உதாரணம் அதுதான். நல்ல கூட்டுச்சுற்று நிலையம் ஒன்றில் ஒரு தொன் எல்.என்.ஜி ஏழு மெகாவோட் மணிக்குச் சற்றுக் கூடத் தரும். அப்படியானால் முழு வேகத்தில் ஓடும் சோபாதனவிக்கு மணிக்கு மூன்று கொள்கலன் வேண்டும். ஒரு நாளைக்கு எழுபதை நெருங்கும். கெரவலப்பிட்டி கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இதை ஒருவாறு நினைத்தாவது பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு? சுன்னாகத்து உத்துரு ஜனனி மின்நிலையம் 24 மெகாவோட். அதை வாயுவில் ஓட்டினால் நாளுக்கு ஐந்தாறு கொள்கலன். கொழும்பில் இறக்கி ஏ-9 வழியாக 400 கிலோமீற்றர் இழுக்கவேண்டும். காங்கேசன்துறையில் இறக்கலாம் என்கிறார் நண்பர். கரையில் கொள்கலன் தூக்கும் பெரிய பாரந்தூக்கி அங்கே இல்லை. கடலும் கேட்கவேண்டும். நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் வந்தபோது ஊரே மேளத்தோடு போனது. ஒரு கிழமை முடியுமுன் வடகீழ்ப் பருவக்காற்றைக் காரணம் காட்டிச் சேவையை நிறுத்தினார்கள். அடுத்த ஒகஸ்ட்டில்தான் கப்பல் திரும்ப வந்தது. பயணி கரையில் காத்திருப்பார், மின்நிலையம் காத்திருக்காது.

"வேறு தீவுகளில் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்கிறார்கள். போர்த்துக்கலின் மதெய்ரா தீவுக்கு 2014 முதல் கொள்கலன்களில் எல்.என்.ஜி போகிறது, அதில் மின்சாரமும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவுக்கு வழமையான கொள்கலன் கப்பல் ஏற்கெனவே ஓடுகிறது. தீவுக்காரரின் கூடுதல் மின்செலவில் ஒரு பங்கைத் தலைநிலத்துப் பாவனையாளர் சட்டப்படி சுமக்கிறார்கள். உடுப்பிட்டியின் மின்கட்டணத்தில் பங்கு கட்டக் கொழும்பு முன்வருமா என்பதை வாசகரே நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

மன்னாருக்கு வருகிறேன், வாத்தியாரைப் பகைக்காமல். வாயு இருக்கிறது, பொய்யில்லை. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் துளைத்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் ஆழ்கடலில் துளைத்தபோது டொராடோ, பரகூடா என்று பெயரிட்ட இரண்டு இடங்களில் வாயு கண்டது. கடல் அங்கே ஒரு கிலோமீற்றருக்கும் மேல் ஆழம். 2015இல் அவர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். பத்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு குமிழி கரைக்கு வரவில்லை. எங்களை எடுக்க விடாததால்தான் கிடக்கிறது என்று சொல்வது மனதுக்கு ஆறுதல். ஆனால் எடுத்தால் விற்கும் விலை எடுக்கும் செலவைக் கட்டுமா என்று பார்த்துத்தான் கம்பனிகள் வரும், போகும்.

இலங்கை ஏற்கெனவே வாங்கி வைத்த அடுப்புகளைப் பார்ப்போம். கெரவலப்பிட்டி யுகதனவி 300 மெகாவோட், 2010இல் முழுமையானது. நாளை காஸ் வரும் என்று சொல்லிக் கட்டியது. அன்றிலிருந்து எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறது. 2021 செப்ரெம்பர் 17இல் அதன் 40 வீதப் பங்கையும் வாயு வழங்கும் உரிமையையும் அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரஸ் நிறுவனத்துக்குக் கொடுத்து நள்ளிரவில் கையெழுத்திட்டார்கள். விமல் வீரவன்ச, வாசுதேவ நாணயக்கார, உதய கம்மன்பில என்று அமைச்சரவைக்குள்ளேயே மூவர் எதிர்த்து நின்றார்கள். விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. வாயு வரவில்லை. 2024 ஒகஸ்ட்டில் சோபாதனவியின் முதற்கட்டத்தை நாட்டின் முதலாவது எல்.என்.ஜி மின்நிலையம் என்று நாடா வெட்டித் திறந்தார்கள், எல்.என்.ஜி இல்லாமலே. நிச்சயதார்த்தம் முடிந்து பதினைந்து வருடமாக மாப்பிள்ளை வராத வீட்டில், இரண்டாவது பெண்ணுக்கும் அதே மாப்பிள்ளையைப் பேசியது போல.

இனி காஸ் பக்கத்து வாதத்தில் உள்ள ஒரேயொரு கனமான கல்லை நானே எடுத்து வைக்கிறேன். சுன்னாகம். மின்நிலையக் கழிவெண்ணெய் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்ததை இந்தக் குடாநாடு மறக்காது. வாளியில் அள்ளிய தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் கிடக்கும். கையை விட்டால் பிசுக்கு ஏறும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர் நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. எல்.என்.ஜி சிந்தினால் ஆவியாகிப் போய்விடும், கிணற்றுக்குள் இறங்காது. உண்மை. ஆனால் ஆவியாகிப் போகும் அந்த மீதேன் இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு அளவுக்கு வானத்தைச் சூடாக்கும். கிணற்றைக் காப்பாற்றக் காஸ்தான் வழி என்பதும் பழைய கதை. குடாநாடு இப்போது தேசிய மின்வலையோடு இணைந்திருக்கிறது. பளையில் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணை 100 மெகாவோட்டை ஒட்டி நிற்கிறது. எதுவும் கிணற்றுக்குள் எண்ணெய் விடவில்லை.

விலையை யார் தீர்மானிப்பது என்பதும் ஒன்று. 2020இல் ஆசியச் சந்தையில் ஓர் அலகு எல்.என்.ஜி இரண்டு டொலர் அளவுக்கு விழுந்து கிடந்தது. 2022இல் ஐரோப்பா ரஷ்ய வாயுவை இழந்து கப்பல்களைத் தன் பக்கம் இழுத்தபோது அதே அலகு ஐம்பது டொலரைத் தாண்டியது. பங்களாதேஷ் வாங்குவதை நிறுத்தி மின்வெட்டில் இருந்தது. பாகிஸ்தான் கேள்விப்பத்திரம் போட, விற்க யாரும் கையுயர்த்தவில்லை. அவர்கள் பத்துக் கோடிக் கணக்கில் சனம் உள்ள நாடுகள். அவர்களுக்கே கப்பல் திரும்பவில்லை என்றால், ஐந்து கொள்கலன் கேட்கும் வடமராட்சிக்கு யார் திரும்புவார்?

இதை எங்களுக்கு வெளியார் வந்து சொல்லவேண்டியதில்லை. 1990இல் கரண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் ஓ.எல் படித்தவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலைப் பீய்ச்சி உதைப்போம். இயந்திரம் இருமி எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை ஒரு ஒழுங்கை நீளத்துக்குப் போகும். கடலுக்கு அப்பாலிருந்து வரும் எரிபொருளின் குழாய் இன்னொருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஐந்து வருடம் மூக்கால் மணந்த தலைமுறை, இன்றைக்குப் படத்தைக் காட்டியதும் தலையாட்டுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, இங்கே எரிக்கப்போவது யார்? இதைத் தேநீர்க்கடையிலேயே கேட்டேன். எல்.என்.ஜிக்கு வேண்டியது இரவு பகல் நிற்காமல் எரிக்கும் பெரிய அடுப்பு. தமிழ்நாட்டில் எண்ணூர் முனையத்திலிருந்து லொறியில் ஏற்றிப் போகிறார்கள். அங்கே எரிக்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எங்களுக்கிருந்த பெரிய அடுப்பு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, 1990இல் அணைந்தது. இங்கே எரிபொருள் குடிப்பவை இரண்டு: வெங்காயத் தறைக்கு இறைக்கும் மெசினும், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் படகுகளின் வெளியிணை இயந்திரமும். இரண்டும் மண்ணெண்ணெய். 2022 ஒகஸ்ட்டில் அது ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது தொழிலுக்குப் போகாமல் படகைக் கரையில் கவிழ்த்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் எல்.என்.ஜி உதவாது. பைபர் படகில் மைனஸ் 162 பாகையைக் கட்டிக்கொண்டு யார் கடலுக்குப் போவது?

சின்ன அளவு எல்.என்.ஜி விற்பவர்கள் படம் போட்டுக் காட்டும் இடம் என்றால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மாதிரித்தான் இருக்கும்: மின்வலை எட்டாத சிறு தீவு, டீசல் மின்பிறப்பாக்கி. அந்த மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் சூரியத்தகடு, காற்றாலை, மின்கலம், அவசரத்துக்கு டீசல் என்று 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். எல்.என்.ஜியை அங்கே யாரும் நினைக்கவில்லை. பாகிஸ்தானில் இன்னும் வேடிக்கை. 2024இல் மட்டும் 17 கிகாவோட் அளவுக்குச் சூரியத்தகடு இறக்கினார்கள். சனம் கூரைக்கு மாறியதும் காஸ் மிஞ்சியது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்டு என்ற ஒப்பந்தம் கழுத்தில் கிடக்க, அடுத்த வருடத்துக்கான கட்டார்க் கப்பல்களைத் தள்ளிப்போடச் சொல்லிப் பேசவேண்டி வந்தது.

கனடாக்காரரின் தாய்வீட்டுக் கூரையிலும் தகடு இருக்கிறது; அவரே காசனுப்பிப் போட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்பாவனை விழ, கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அவர் தாய் மருமகனைக் கூப்பிட்டு இன்வேட்டரை அணைப்பித்தார். கொளுத்தும் வெயில் கூரையில் வீணாக விழுந்துகொண்டிருந்தது. மின்கலம் ஒன்று இருந்திருந்தால் அது இரவுக்கு ஆகியிருக்கும்.

"அந்தத் தகட்டுக்கு பற்றரி என்ன விலை எண்டு கேட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இல்லை அண்ணை," என்றார். "அதை ஒருத்தரும் எனக்குப் படம் காட்டேல்லை."