கேட்கத் தெரிந்தவனுக்கே இணையம்!

மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



"நெட்ல போட்டா எல்லாம் கிடைக்கும்டா" என்று நாம் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்கிறோம். உண்மையிலேயே கிடைக்கிறதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு கிடைக்கும். போன வருஷத்துக் கேள்வித்தாள் கிடைக்கும். ஆனால் நம் வீட்டு மொட்டை மாடி டிஷ்ஷும் நம் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும்போதுதான் தெரியும், இணையம் ஒன்றும் கேட்டதையெல்லாம் தரும் காமதேனு அல்ல என்று. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் அது வாய் திறக்கும். கிடைத்த பதிலை ஒருவன் எழுதி வைத்தால்தான் அடுத்தவனுக்கும் வாய் திறக்கும். இதுவே என் கட்சி!

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், டிஜிட்டல் டி.வி. நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. 'அதெல்லாம் எதுக்குப்பா, யூடியூப்தான் இருக்கே?' என்பீர்கள். 2017-ல் மத்திய அரசு 'ஸ்வயம் பிரபா' என்ற பெயரில் 32 கல்விச் சேனல்களை ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கியது. பொறியியல் பாடங்களும் அதில் உண்டு. தினமும் குறைந்தது 4 மணி நேரம் புதிய பாடம், அதையே அன்றைக்கு மேலும் 5 முறை மறு ஒளிபரப்பு என்பது திட்டம். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகிற வீடுகளும், டவரே எடுக்காத ஊர்களும் நம்மில் எத்தனை பேருக்கு! அங்கே ஒரு டிஷ்ஷும், டி.வி.பி.-எஸ்2 கார்டு போட்ட கம்ப்யூட்டரும் இருந்தால் பாடத்தைப் பிடித்து வைத்துப் பரீட்சைக்கு முன் பத்து முறை பார்க்கலாம். மாசச் சந்தா கிடையாது.

பழைய கம்ப்யூட்டர் தாங்குமா? தாராளமாகத் தாங்கும். படத்தைச் சுருக்குகிற கஷ்டமான வேலை ஒளிபரப்புகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு வந்து சேருவது 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஹெக்ஸில் 47 என்ற அடையாள பைட். பின்னாலேயே, அது எதைச் சேர்ந்தது என்று காட்டும் ஓர் எண். வேண்டிய எண்ணுள்ள பாக்கெட்டுகளைப் பொறுக்கி டிஸ்க்கில் எழுதினால் அதுதான் ரெக்கார்டிங்! நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜி.பி. நாம் போடாத கணக்கா?

தத்துவம் இவ்வளவு எளிது. ஆனால் செய்யப் போனால் ஆயிரம் தடங்கல். உடனே நாம் என்ன செய்கிறோம்? "என் டி.வி. கார்டு வேலை செய்யவில்லை. மிகவும் அவசரம். உதவவும்" என்று எழுதுகிறோம். இரண்டு நாள் பதில் வராது. "வெள்ளைக்காரனுக்குத் திமிருடா" என்று முடித்துவிடுகிறோம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லே' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் எந்த மருந்தை எழுதுவார்?

எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன் ராத்திரி பாடத்தை ரெக்கார்டிங் போட்டுவிட்டுத் தூங்குவான். தினமும் 2 மணி 20 நிமிடம் தாண்டியதும் நின்றுவிடும். "கார்டு சூடாகுது மச்சான்" என்றான் ஒருவன். "வைரஸ்" என்றான் இன்னொருவன். அவன் இருவரையும் கேட்கவில்லை. நின்றுபோன ஃபைலின் அளவைப் பார்த்தான்: 4,294,967,295 பைட். அந்த எண்ணையும், பென் டிரைவில்தான் பதிவாகிறது என்பதையும் சேர்த்துக் கேள்வியில் எழுதினான். பதில் ஒரே வரியில் வந்தது: "ஃபேட்-32 முறையில் ஒரு ஃபைல் அதற்கு மேல் வளராது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்று." உள்ளே இருந்ததை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு மாற்றினான். முடிந்தது பிரச்னை. அவன் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் உட்கார்ந்திருந்தது!

இன்னொன்று பாருங்கள். "ஸ்கேன் பண்ணினா ஒரு சேனலும் வரலே." இப்படிக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 11,090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் எல்.என்.பி.யின் லோக்கல் ஆசிலேட்டர் 9,750-ஐக் கழித்தால் 1,340. ட்யூனருக்குத் தோதான 950 முதல் 2,150-க்குள் இருக்கிறது. சாஃப்ட்வேரில் தவறுதலாக 10,600 என்று போட்டிருந்தால் மிச்சம் 490. ட்யூனர் எங்கே போய்த் தேடும்? சூப்பர் ஹெட்டரோடைன் பாடத்தைப் பரீட்சையோடு மறந்துவிட்டு, இணையத்தைத் திட்டுவது என்ன நியாயம்?

"நமக்கு இங்கிலீஷ் வராதே, கிண்டல் பண்ணுவானே" என்று தயங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கார்டிலுள்ள சிப்பின் எண், சாஃப்ட்வேரின் பதிப்பு, டிஷ் பார்க்கும் திசை, அதிர்வெண், திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துப் பிசகாமல், இதுவரை செய்து பார்த்தவை: இவற்றை வரிசையாக எழுத இலக்கணம் எதற்கு? பாதிக்கு மேல் எண்கள்தானே!

ஆனால் கேட்கக் கூடாததும் ஒன்று உண்டு. பூட்டுப் போட்டு வரும் கட்டணச் சேனலைத் திறக்கத் திருட்டுச் சாவி கேட்பது உதவி கேட்பதாகாது. சட்டப்படி குற்றம். அதற்காக எவனோ தரும் புரோகிராமை இறக்கினால் நம் கம்ப்யூட்டரின் சாவியைத்தான் அவனிடம் கொடுக்கிறோம்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். நாம் ஓசியில் வாங்கும் இந்த உதவிகளைச் செய்தவர்கள் யார்? 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் ஷ்மிடிங்கர் 'வி.டி.ஆர்.' என்ற பதிவு சாஃப்ட்வேரைத் தொடங்கினார். 2002-ல் அமெரிக்காவில் ஐசக் ரிச்சர்ட்ஸ் 'மித் டி.வி.'யைத் தொடங்கினார். 2012-ல் ஃபின்லாந்தின் ஆன்டி பாலோசாரி, மலிவான டி.வி. ஸ்டிக்கிலிருந்து சிக்னலை அப்படியே பச்சையாக எடுக்க முடிகிறது என்று கண்டு, அதை எல்லோரும் படிக்கும்படி எழுதினார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் இன்று உலகமெங்கும் மாணவர்கள் அந்த ஸ்டிக்கை ரேடியோ ரிசீவராகப் பயன்படுத்துகிறார்கள். எழுதாமல் இருந்திருந்தால்?

ஆனால் இவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும், 93.5 டிகிரி கிழக்கில் இந்தியாவைப் பார்த்து நிற்கும் ஜிசாட்-15-ன் சிக்னல் அவர்கள் வீட்டு மாடியில் விழாது. நம் டிஷ்ஷின் கோளாறை அவர்களால் சோதித்துப் பார்க்கவே முடியாது. நம்மால்தான் முடியும். ஏ.ஐ.யைக் கேட்டால் போகுமே என்கிறீர்களா? அரைகுறைக் கேள்விக்கும் அது மரியாதையாகப் பதில் சொல்லும். சில சமயம் இல்லாத மெனுவைக்கூட இருப்பதாகச் சொல்லும். அதுவும் யாரோ எழுதி வைத்ததைப் படித்ததுதானே! நாம் எழுதாத பதில் அதற்கு எங்கிருந்து வரும்?

இந்த நிலையில் நம்மவர்கள் செய்யும் பெரிய பாவம் எது தெரியுமா? வேலை முடிந்ததும் "சரியாயிடுச்சு, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. எப்படிச் சரியாச்சு? சொல்ல மாட்டான்! அதே கோளாறோடு அடுத்த வருஷம் வருகிற தம்பி அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வான். ஆற்றைக் கடந்ததும் ஓடத்தை உதைத்துவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாளைக்கே நாம் வேலைக்குப் போகப் போகிறோம். நைட் ஷிஃப்டில் மெஷின் நின்றால் இன்ஜினியருக்குப் போன் போட்டு, "ஓடலே சார்" என்று சொல்பவனுக்கும், "இந்த எரர் நம்பர், இத்தனை வோல்ட் வருது, இதைச் செஞ்சு பாத்தாச்சு சார்" என்று சொல்பவனுக்கும் உள்ள தூரம்தான் நம் டிப்ளமாவின் மதிப்பு.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு லேபிலும் ஒரு 'கோளாறு நோட்டு' வைப்போம். கோளாறு என்ன, காரணம் என்ன, தீர்ந்தது எப்படி என்று மூன்று வரி. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரியை விட்டுப் போகுமுன், தான் தீர்த்த ஒரு கோளாறையாவது நல்ல தமிழில் இணையத்தில் எழுதிவிட்டுப் போகட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேரம்தான்!